நடுத் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர்

போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் திருத்துகிற மலையகத்துப் பிள்ளைகள் நடத்தும் குழு அது. வேலையை விட்டுவிட்டுக் கொட்டகலையில் மகன் வீட்டோடு இருக்கும் என்னையும் மரியாதைக்குச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கேள்வி இதுதான்: "டபுள் டோர் பெட்டி. குளிர் காலம் வந்ததும் மேல ஐஸ் உருகுது. கேஸ் சரி, கம்ப்ரஸர் சரி. தெர்மோஸ்டாட்டக் கழட்டிட்டு டிரெக்ட் குடுத்துறலாமா?" அதற்குக் கீழே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர்கள் ஒரு கூட்டம்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "குடுக்காதீங்க" என்று எழுதி, இருக்கிற ஆச்சரியக்குறியை எல்லாம் அள்ளிப் போட்டேன். "ஏன் அக்கா?" என்று கேட்டார்கள். அந்த ஏனுக்குப் பதிலை போனில் தட்டித் தீர்க்க முடியாது. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. போதுமான குளிர் வந்ததும் மோட்டாரை நிறுத்தி, குளிர் குறைந்ததும் மறுபடி ஓடவிடுகிற சின்னச் சாமான்தான் தெர்மோஸ்டாட். அதற்குப் போகிற வயர்களை ஒன்றாக முறுக்கிவிட்டால் மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத்தான் டிரெக்ட் என்கிறோம். செய்வதற்கு மிகச் சுலபம், வாடிக்கையாளருக்கும் உடனே சந்தோஷம். அதனாலேயே அது பொல்லாதது.

நான் வேலை பார்த்தது நுவரெலியா டவுனில், ஜலீல் நானாவின் கடையில். பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு அக்கா வீட்டில் சும்மா இருந்த என்னை அவர் டெலிபோன் எடுக்கத்தான் சேர்த்தார். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் போன் பண்ணுவார்கள். பெட்டிக்கு என்ன என்று சொல்லத் தெரியாது. ஆனால் சத்தத்தை அப்படியே எடுத்துக் காட்டுவார்கள். இறம்பொடையிலிருந்து ஒரு அம்மா, "ம்ம்ம்ம்னு முக்குதுங்க. அப்பறம் டக்குனு வாய மூடிக்குது. திரும்ப முக்குது" என்று பிரசவ வலியையே நடித்துக் காட்டினார். "பொழுது சாயிற நேரத்துலதானே?" என்று கேட்டேன். "அட, ஆமாங்க! ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் லைட்டும் ரைஸ் குக்கரும் போட்டால் கரண்டு இறங்கிவிடும். மோட்டாருக்கு எழும்பப் பலம் போதாது. அந்த நேரம் மட்டும் பெட்டியை நிறுத்தி வைக்கச் சொன்னேன். ஆள் போகாமலே வருத்தம் தீர்ந்தது. உள்ளே சோல்டரிங் பண்ணிக்கொண்டிருந்த நானா எட்டிப் பார்த்தார். "சரசு, நீங்க டெலிபோனுக்கு ஆளில்ல. பேக்கத் தூக்குங்க" என்றார்.

நானா கண்டிப் பக்கத்து முஸ்லிம்; அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். இருக்கு என்பதை ஈக்கி என்பார், சொல்லுங்க என்பதைச் செல்லுங்க என்பார். பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்க்ரூ டிரைவரா என்று கடைத்தெருவில் கேலி பண்ணினார்கள். "எல்லா வூட்டுலயும் பெட்டியத் தொறந்து மூடுற ஆளு பொம்புளதானே. திருத்துற ஆளும் பொம்புளயா ஈந்தா என்ன?" என்று கேட்டு நானா அவர்கள் வாயை அடைத்துவிட்டார். நியாயமும் அதுதான். ஆம்பிளை மெக்கானிக் லயத்துக்குள் வந்தால் வீட்டுப் பெண் நிலைப்படியில் ஒதுங்கி நின்று, "வேல செய்யல" என்ற ஒரே வார்த்தையோடு முடித்துக்கொள்வாள். நான் போனால் அடுப்படி வரைக்கும் கூட்டிப்போய் சம்பந்தி சண்டையிலிருந்து ஆரம்பிப்பாள். பெட்டியின் கோளாறு பாதி அந்தக் கதையில் இருக்கும்.

நான் தொழில் படித்த வருஷங்களை நீட்டவில்லை. கையைச் சுட்டுக்கொண்டேன், கேஸை வீணாக்கினேன், திட்டு வாங்கினேன், படித்தேன். ஆனால் நானாவின் வேலை முறையை மட்டும் எழுதாமல் விட முடியாது. அவரைப் போல ஒரு வேலைக்காரரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

வீட்டுக்குள் போனதும் முதலில் கை கழுவத் தண்ணீர் கேட்பார். "மத்தவங்க சாப்பாட்டுல கை வெக்கப் போறோம்" என்பார். பிறகு வீட்டுக்காரப் பெண்ணைப் பார்த்து, "தொறக்கட்டுமா?" என்று கேட்பார். அவள் தலையாட்டின பிறகுதான் கதவைத் தொடுவார். அடுத்தவர் அலுமாரியைத் திறப்பதும் ஃபிரிட்ஜைத் திறப்பதும் அவருக்கு ஒன்றுதான். உள்ளே நேற்றைய சோறும் பச்சை மிளகாயும் மட்டுமே இருக்கிற வீடுகள் உண்டு. அங்கே அவர் முகத்தில் எதுவும் தெரியாது. வெளியே வந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

திறந்ததும் சாமானைப் பார்ப்பார். "சாமானப் பாத்தா பெட்டி தானாச் செல்லும்" என்பது அவர் வேதம். கீரை கருகியிருக்கிறதா, பால் புளித்திருக்கிறதா, தக்காளியில் வியர்வை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். பிறகு மூன்று கேள்வி. எப்ப இருந்து இப்படி? அந்த நேரம் வூட்டுல என்ன மாத்தினீங்க? யாரு கை வெச்சது? இதற்குப் பிறகுதான் புறங்கையைக் கம்ப்ரஸரில் வைத்துச் சூடு பார்ப்பார். கதவு ரப்பருக்கு நடுவே ஒரு தாளை வைத்து மூடி இழுப்பார். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போச்சு. கடைசியாக நடுத் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்து அதற்குள் தெர்மாமீட்டரைப் போடுவார். காற்றின் குளிர் கதவைத் திறந்ததும் ஓடிவிடும், தண்ணீர் பொய் சொல்லாது என்பார். திருத்தி முடித்தாலும் உடனே கிளம்ப மாட்டார். மோட்டார் தானாக நின்று, தானாகத் திரும்ப ஓடுகிற சத்தத்தைக் கேட்கும்வரை உட்கார்ந்திருப்பார். அதற்குள் அந்த வீட்டில் எங்களுக்குத் தேத்தண்ணீர் வந்துவிடும்.

எங்கள் ஆட்கள் ஃபிரிட்ஜை வைத்துக்கொள்ளும் அழகைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடுபட்டு வாங்கின சாமான் வருகிறவர் போகிறவர் கண்ணில் பட வேண்டாமா? ஆகவே முன் அறையில், சுவரோடு சுவராக ஒட்டி வைப்பார்கள். மேலே பூ வேலை செய்த துணி, பிளாஸ்டிக் ரோஜா, முருகன் படம். வெள்ளிக்கிழமை தவறாமல் கதவுக்குச் சந்தனப் பொட்டு. பின்பக்கம் மூச்சு விட இடமில்லாமல் பெட்டி தவிக்கும். ஐஸ் கட்டியாகப் பிடித்தால் கத்தியால் குத்துவார்கள். கேஸ் புஸ்ஸென்று போய்விடும். மலையில் நான் பார்த்த பெட்டிகளில் வயசாகிச் செத்ததைவிடக் கத்திக்குத்துப் பட்டுச் செத்தவைதான் அதிகம். சிரிக்கிறேனே தவிர, எனக்கு அந்தப் பெண்கள் மேல் கோபம் வந்ததில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு அந்தப் பெட்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்களே, அந்தச் சிரத்தையைப் பார்த்து அசந்து போயிருக்கிறேன்.

ஆனால் அந்த முன் அறையில் வேறொரு வில்லங்கம் உண்டு. லயத்தில் சூடான இடம் அடுப்படி. முன் அறை குளிர்ந்து கிடக்கும். மார்கழி, தையில் கேட்கவே வேண்டாம். இரட்டைக் கதவுப் பெட்டியில் தெர்மோஸ்டாட் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. வெளிக் குளிரிலேயே கீழே போதுமான குளிர் இருப்பதால் அது மோட்டாரை எழுப்பாது. மேலே ஐஸ் உருகி ஒழுகும். கொழும்பில் இந்த வருத்தத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். நமக்கு இது வருஷா வருஷம் வருகிறது. இப்போது குழுவில் வந்த கேள்வியும் இதுதான்.

கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து லெட்சுமி என்ற பெண் கடைக்கு வந்தது அப்படி ஒரு தை மாதத்தில்தான். கொழுந்து எடுக்கிறவள். "பொட்டி நிக்காம ஓடுதுங்க. தக்காளி கல்லாப் போவுது. அதுல புள்ளையோட ஊசி மருந்தும் இருக்குங்க. கொஞ்சம் வந்து பாருங்க" என்றாள். மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் நானா மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டார். லெட்சுமியையும் வேனில் ஏற்றிக்கொண்டு பகல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே புறப்பட்டோம்.

வீட்டில் அவள் கணவர் முருகையா இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களுக்கு வயர் வேலை பார்க்கிறவர். மரியாதையான மனிதர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மூலையில் பாய் மேல் அவர்கள் மகள் மஞ்சுளா சுருண்டு உட்கார்ந்திருந்தாள். பதினொரு வயதுப் பிள்ளை, எலும்பும் தோலுமாக இருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய போத்தல் தண்ணீர். அதைத் தூக்கிக் குடிக்கிறாள், வைக்கிறாள், திரும்பக் குடிக்கிறாள். "என்னம்மா, பேர் என்ன?" என்று கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நானா கை கழுவிக்கொண்டிருக்கும்போது லெட்சுமி என்னை அடுப்படிக்கு இழுத்தாள். அங்கே ராக்கைப் பலகையில் சீனி டின் இருந்தது. அதில் துளை போட்டுச் சின்னப் பூட்டு ஒன்று மாட்டியிருந்தது.

"புள்ளைக்குச் சீனி வருத்தங்க. தெனமும் ஊசி. நல்லாத்தான் இருந்தா. இப்ப ஊசி போட்டும் சீனி எறங்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரியில மருந்தக் கூட்டிப் பாத்தாங்க, கொறையல. மருந்தக் குளுர்ல வைக்கிறீங்களானு கேட்டாங்க. ஆமானு சொன்னேன். அப்ப இவ களவா இனிப்புத் திங்கிறானு அவங்க அப்பாவுக்குச் சந்தேகம்."

"தின்னாளா?"

"தெரியலங்க. இவ இல்லன்றா. அவரு கற்பூரம் கொளுத்தி, அணைச்சுச் சத்தியம் பண்ணுன்னாரு. பண்ணுனா. அடுத்த நாளு பாத்தா சீனி இன்னும் ஏறியிருக்கு. கற்பூரத்து மேலயே பொய்ச் சத்தியம் பண்றியானு அடிச்சிட்டாரு. அன்னையிலேருந்து வாயத் தொறக்கல. எங்கிட்டயும் பேசல."

எங்கள் சனத்துக்குக் கற்பூரத்தை அணைத்துச் செய்கிற சத்தியத்துக்கு மேல் கோர்ட்டு கிடையாது. அதையும் நம்பவில்லை என்றால் அந்தப் பிள்ளை இனி எதைச் சொல்லி நம்ப வைப்பாள்?

முன் அறையில் நானா, "தொறக்கட்டுமா?" என்று கேட்கிற குரல் வந்தது. ஓடினேன். அவர் வழக்கம்போல் சாமானைப் பார்த்தார். தக்காளி கல். பாலுக்கு மேல் ஐஸ் ஏடு. முட்டை வெடித்திருந்தது. பின்சுவரில், குளிர்த் தகடு இருக்கிற இடத்தில், ஒரு எவர்சில்வர் டப்பா பனி பூத்து ஒட்டிக்கிடந்தது. குளிர் கூடின இடம் மருந்துக்கு நல்லது என்று பார்த்துப் பார்த்து வைத்த இடம் அது. நானா டப்பாவைப் பிரித்து ஒரு மருந்துப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சாய்த்தார். உள்ளே இருந்தது சாயவில்லை. "போடுறப்ப உள்ளங்கையில வச்சு உருக்கிக்குவோங்க" என்று பின்னால் வந்த லெட்சுமி சொன்னாள்.

நானாவின் உம்மாவும் இதே ஊசி போட்டுக்கொள்கிறவர்தான் என்பது எனக்குத் தெரியும். பிறகு வழக்கமான கேள்விகளைக் கேட்டார். "எப்ப இருந்து இப்படி நிக்காம ஓடுது?"

முருகையா பெருமையாகவே சொன்னார். "மார்கழியிலேருந்துங்க. மேல ஐஸ் உருகுச்சு. புள்ளையோட மருந்து கெட்டுப் போயிருமேனு பயந்துட்டேன். நமக்கு வயர் வேல தெரியும்தானே, நானே டிரெக்ட் குடுத்துட்டேன். அதுக்கப்பறம் ஐஸ் உருகலங்க. ஆனா இப்ப எல்லாம் கட்டிப் போவுது, அதான் கூப்ட்டோம்."

தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினேன். வயர்கள் அழகாக முறுக்கி, டேப் சுற்றியிருந்தன. தொழிற்சாலை வேலைக்காரரின் சுத்தமான கை. எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ஐயா, நீங்கதான்" என்று வாயெடுத்தேன். நானா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மூடியைத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கினேன்.

அவர் முருகையாவைக் கடந்து நேரே பிள்ளையிடம் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மருந்துப் போத்தலை அவள் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"மகள், இதப் பாருங்க. நான் டாக்டர் இல்ல. ஆனா என்ட உம்மாவும் இதே மருந்துதான் போடுற. குளிர்ல வைக்கோணும், ஐஸாக வுடக் கூடாது, ஐஸான மருந்து வேல செய்யாது எண்டு ஆஸ்பத்திரியில செல்லித்தான் குடுத்தாங்க. ஒங்களுக்குப் போட்ட மருந்து செத்த மருந்து. அதான் சீனி எறங்கல்ல. நீங்க ஒண்டும் திங்கல்ல. செஞ்ச சத்தியம் உண்மதான். எல்லாம் இந்தப் பெட்டி செஞ்ச வேல."

பெட்டி என்றார். அப்பா என்று சொல்லவில்லை. ஒரு மனிதரின் மானத்தையும் ஒரு பிள்ளையின் மானத்தையும் ஒரே வாக்கியத்தில் அவர் காப்பாற்றியதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த நிமிஷத்துக்காகவே அவர் கையின்கீழ் வேலை செய்ததைப் பாக்கியம் என்று நினைக்கிறேன்.

ஆனால் முருகையா வயர் தெரிந்தவர். திறந்து கிடந்த தெர்மோஸ்டாட்டையும் அந்தப் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பொட்டி இல்லங்க நானா. நான்தான். எங் கையாலதான்..." என்றார்.

மஞ்சுளா முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். "நான் கற்பூரத்த அணைச்சுச் சொன்னேனேப்பா" என்றாள். அத்தனை நாளைக்குப் பிறகு அவள் பேசினது அதுதான். லெட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது.

நானா எழுந்துவிட்டார். "அழுற வேல பொறகு. புள்ளைய வேன்ல ஏத்துங்க" என்றார். திருத்தும் வேலையை அப்படியே போட்டுவிட்டு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் பிள்ளை வேகமாக மூச்சு விட்டாள். நானாவின் சிங்களம் எங்கள் சிங்களத்தைவிட நல்லது. உறைந்த மருந்தைக் காட்டி அவரே நர்ஸம்மாவிடம் விளக்கினார். பார்த்ததும் அவர்கள் ஒரு நிமிஷமும் வீணாக்கவில்லை. இன்னும் தாமதித்திருந்தால் பிள்ளை கிடைத்திருக்க மாட்டாள் என்று நர்ஸம்மா சொன்னதை நானா எனக்கு மட்டும் சொன்னார். தகப்பனிடம் அதை அவர் மொழிபெயர்க்கவேயில்லை.

மஞ்சுளா தேறி வீட்டுக்கு வந்த அன்று நாங்கள் திரும்பப் போனோம். வயர்களைப் பிரித்துப் புதுத் தெர்மோஸ்டாட் போட்டேன். முன் அறையிலிருந்து பெட்டியைத் தூக்கி உள்ளறையில், அடுப்படிச் சுவர் தரும் சூட்டில், சுவருக்கும் பெட்டிக்கும் ஒரு கை போகிற இடைவெளி விட்டு வைத்தோம். பெட்டி மேல் இருந்த முருகன் படம் மட்டும் முன் அறைச் சுவருக்குப் போனது. "மேல ஐஸ் உருகினா உருகட்டும். மருந்துக்கு ஐஸ் வேணாம், குளிர் போதும். பின்தகட்டுல ஒட்டாம வைங்க" என்றார் நானா. அதுதான் குழுப் பிள்ளைகளுக்கும் என் பதில். பெட்டியைச் சூடான பக்கம் நகர்த்துங்கள், வயரைத் தொடாதீர்கள்.

மோட்டார் நின்று திரும்ப ஓடும்வரை வழக்கம்போல் காத்திருந்தோம். கிளம்பும்போது நானா பையிலிருந்து தன் தெர்மாமீட்டரை எடுத்தார். அதை யாருக்கும் இரவல் கூடக் கொடுக்காதவர். ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு நடுத் தட்டில் வைத்துவிட்டு மஞ்சுளாவைக் கூப்பிட்டார்.

"மகள், இந்தப் பெட்டிக்கு இனிமே நீங்கதான் கண்டாக்கையா, மேல்பார்வ பாக்குற ஆளு. காலையில எழும்பின ஒடனே இதப் பாக்கோணும். தண்ணி தண்ணியாவே ஈந்தா மருந்து சரி. ஐஸ் புடிச்சா வாப்பாவக் கூப்பிட்டு ஏசோணும். ஏசுவீங்களா?"

அவள் தகப்பனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, "ஏசுவேன்" என்றாள். முருகையா உள்ளே போய் அந்தச் சீனி டின்னிலிருந்த பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்து சாவியோடு கழற்றின பழைய இரும்பை நாங்கள் போட்டு வைக்கிற பெட்டிக்குள் போட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கந்தப்பளையில் வேறொரு வேலைக்குப் போனபோது அவர்கள் வீட்டிலும் எட்டிப் பார்த்தோம். காலை நேரம். மஞ்சுளா கன்னத்தில் சதை வைத்து, பள்ளிக்கூட உடுப்போடு பின்னலுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து அப்போதுதான் முருகையா வாசலில் செருப்பைக் கழற்றினார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு உள்ளே பார்த்து, "என்னம்மா, தண்ணி?" என்று கேட்டார்.

"தண்ணியாத்தான் இருக்குப்பா."

பெட்டி உள்ளறையில், அவர் அடுப்படிக்குப் போகிற வழியில்தான் இருந்தது. அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு எங்களுக்குத் தேத்தண்ணீர் போடப் போனார்.